குதிரைக்குக் குடியுரிமை

நாட்டில் யாரும் அனுமதியில்லாமல் ஆடிவிடக் கூடாது என்பதற்காக அரங்கக் கலை ஒழுங்குத் துறை தொடங்கப்பட்டது. அதற்கு முன்னாலும் யாரும் பெரிதாக ஆடிக் கிழித்துவிடவில்லை. ஆனால் ஒரு துறை என்று பிறந்துவிட்டால் அதற்கு வேலை கொடுப்பது குடிமக்களின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை உணர்ந்துதான் நெட்டையும் சுருட்டையும் ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தத் துறையின் படிகளில் ஏறினார்கள்.

இருவரும் நவீன நடனக்காரர்கள். நெட்டை உயரமானவன், நடனத்தை அமைப்பவன். சுருட்டைக்குத் தலை நிறைய சுருள் முடி, அவனோடு சேர்ந்து ஆடுபவன். நவீன நடனம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: தரையில் உருளுவார்கள், சுவரைப் பார்த்து வெகு நேரம் நிற்பார்கள். முடிந்ததும் பார்வையாளர்கள் கைதட்டிவிட்டு, புரியவில்லை என்று சொல்லத் தைரியம் இல்லாமல், "என்னமோ பண்ணிச்சுங்க" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இதையெல்லாம் நெட்டையே ஒப்புக்கொள்வான். ஆனால் இந்த முறை அவன் அமைத்த நடனம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அங்கேதான் பிடித்தது சனி.

நடனம் தளபதியைப் பற்றியது. அந்தக் காலத்தில் எல்லை ஆற்றங்கரை வரை படையை நடத்திக்கொண்டு போன தளபதி, ஆற்றைத் தாண்டாமல் திரும்பி வந்துவிட்டார். ஊர்ப்பட்ட உயிரைக் காத்த மகான் என்று நாட்டில் பாதிப் பேர் சொன்னார்கள். விலைபோன துரோகி என்று மீதிப் பேர் சொன்னார்கள். நாற்சந்தியில் அவருக்கு ஒரு சிலை உண்டு. ஒரு கட்சி ஆட்சிக்கு வந்தால் அதைக் கழுவித் துடைக்கும். இன்னொரு கட்சி வந்தால் சாக்கைப் போட்டு மூடிக் கட்டும். இப்போது நடப்பது கூட்டணி ஆட்சி. அதனால் இடுப்புவரை மூடி, இடுப்புக்கு மேல் திறந்து வைத்திருந்தார்கள்.

தளபதி ஏன் திரும்பினார்? அவருடைய கொடிக்காரன் அக்கரையில் பிறந்தவன். அவன் வீட்டைக் கொளுத்த அவருக்கு மனம் வரவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைத்தான் நெட்டை நடனமாக்கியிருந்தான். தளபதியும் கொடிக்காரனும் நெற்றியோடு நெற்றி வைத்து நிற்பார்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் தாங்குவார்கள். கடைசியில் கட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான் நடனம்.

சுருட்டையும் அக்கரையில் பிறந்தவன். இந்த நாட்டுக்கு வந்து பல வருஷமாகிவிட்டது. நெட்டையோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒரே போர்வையை இழுத்துக்கொண்டு வாழ்கிறான். அவன் தங்கும் அனுமதி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மனைவி என்றால் தங்கலாம், கணவன் என்றால் தங்கலாம், மாமியார் என்றால்கூடத் தங்கலாம். நெட்டைக்குச் சுருட்டை இதில் எதுவாகவும் இருக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒரே ஒரு பொந்துதான் இருந்தது: தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று துறை அங்கீகரித்த கலைப்படைப்பில் ஒரு வெளிநாட்டவரின் பங்கு இன்றியமையாததாக இருந்தால், அவர் தொடர்ந்து தங்கலாம். துறை சரி என்றால் சுருட்டை இருப்பான். இல்லையென்றால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

துணை இயக்குநரின் அறையில் மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஆடிக்காட்டினார்கள். துணை இயக்குநர் கனத்த உடம்பும் மெல்லிய குரலும் உடையவர். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் போல வரலாற்று ஆலோசகர் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணை இயக்குநர் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி, ஊதி ஆற்றி, அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நடனத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

முடிந்ததும் துணை இயக்குநர் தன் நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கடைசியில என்ன பண்றீங்க?" என்றார் துணை இயக்குநர்.

"கட்டிப்பிடிக்கிறோம் சார்."

"அது தெரியுது. எதுக்கு?"

"பிரிய மனசில்லாம சார். அன்பு."

"அன்புன்னு மொட்டையா எழுத முடியாதுங்க. எந்த வகை அன்பு? துறையில மூணு வகை வச்சிருக்கோம். தாய்ப்பாசம், சகோதர பாசம், நாட்டுப்பற்று."

"இது நாலாவது சார்."

"நாலாவதுக்கு எங்ககிட்ட கோப்பு இல்லையே!" துணை இயக்குநர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "சரி, நாட்டுப்பற்றுல சேர்த்துடலாம். நடுவுல தேசியக் கொடியைப் பிடிச்சுக்கிட்டுக் கட்டிப்பிடிங்க."

"கொடி யார் உடம்புலயும் படக் கூடாது. கொடிச் சட்டம்," என்றார் வரலாற்று ஆலோசகர்.

"அப்படின்னா கொடியும் படாம, ஆளும் படாம கட்டிப்பிடிக்க முடியுமா?"

"முயற்சி பண்ணலாம் சார்," என்றான் நெட்டை. "ஆனா அது கைகாட்டிட்டுப் போற மாதிரி இருக்கும்."

துணை இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் ஒரே நிமிஷத்தில் முடியாது என்று சொல்லியிருப்பார். நல்லவர் என்பதால்தான் இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்று ஆலோசகர் பக்கம் திரும்பினார். "தளபதி எப்பவாவது யாரையாவது கட்டிப்பிடிச்சதுக்கு வரலாற்றுல ஆதாரம் இருக்கா?"

ஆலோசகர் கண்ணை மூடினார். சால்வை மேலும் கீழும் அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்தார். "இருக்கு. அருங்காட்சியகத்துல ஒரு படம் தொங்குது. ஆத்தங்கரையில தளபதி நெத்தியோட நெத்தி வச்சு நிக்கிறாரு. கழுத்தைக் கட்டிப்பிடிச்சு அழுறாரு."

நெட்டைக்குத் தலைகால் புரியவில்லை. "யாரை சார்?"

"குதிரையை."

துணை இயக்குநர் மேஜையைத் தட்டி எழுந்தார். "பிரச்சினை தீர்ந்துது! ஒரு அசைவைக்கூட மாத்த வேண்டாம் தம்பி. கட்டிப்பிடிங்க, தடவிக்குடுங்க, முத்தம்கூடக் குடுங்க. கொடிக்காரன்னு இருக்கற இடத்துல குதிரைன்னு போட்டுடுங்க."

அன்று வீட்டில் நெட்டை சமையலறையில் பாத்திரங்களை வீசினான். "முடியாது! மனுஷனை மனுஷன் பிடிச்சான்னு சொல்லத்தானே இந்த ஆட்டமே? குதிரைன்னு போட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

சுருட்டை விழுந்த கரண்டியை எடுத்துக் கழுவினான். "நான் இருப்பேன்ல?"

"நீ குதிரையாடா?"

"மாசக் கடைசிக்கு அப்புறம் நான் அக்கரையில மனுஷனா இருக்கணுமா, இங்க உன் பக்கத்துல குதிரையா இருக்கணுமா? நீயே சொல்லு."

கொள்கைக்காக வாதாட நெட்டைக்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது. ஆனால் அந்த அடுப்படியில் இவன் இல்லாமல் தான் மட்டும் நிற்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். குனிந்து, வீசிய பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான்.

"கனைக்கவெல்லாம் மாட்டேன், சொல்லிட்டேன்," என்றான் சுருட்டை.

நெட்டை சிரித்துவிட்டான். சிரித்த பிறகு தன் மேலேயே கோபம் வந்தது.

அடுத்த முறை போனபோது துறையில் எல்லோர் முகமும் பேயறைந்தது போல் இருந்தது. குதிரையைப் பற்றி வரலாற்று ஆலோசகர் மேலும் தோண்டியிருக்கிறார். அது அக்கரைச் சந்தையில் வாங்கிய குதிரையாம்.

"எதிரி நாட்டுக் குதிரை!" என்றார் துணை இயக்குநர் ரகசியக் குரலில். "அதைக் கட்டிப்பிடிச்சு நம்ம தளபதி அழுதாருன்னா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"குதிரைக்கு நாடு ஏது சார்?" என்றான் நெட்டை.

துணை இயக்குநர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அப்படியெல்லாம் சத்தமா பேசாதீங்க. இன்னிக்குக் குதிரைக்கு நாடு ஏதும்பீங்க, நாளைக்கு மனுஷனுக்கு நாடு ஏதும்பீங்க. அப்புறம் நாங்கள்லாம் என்ன வேலை பார்க்கறது?"

ஆலோசகர்தான் கை கொடுத்தார். "குதிரை இங்க எத்தனை வருஷம் இருந்துது? சாகற வரைக்கும். எந்தப் புல்லைத் தின்னுது? இந்த மண்ணோட புல்லை. எந்தத் தண்ணியைக் குடிச்சுது? இந்த மண்ணோட தண்ணியை. ஆகவே அது இந்த மண்ணின் குதிரை."

"அருமை!" என்றார் துணை இயக்குநர். அவர் குரல் தழுதழுத்தது.

அதுவரை வாயைத் திறக்காத சுருட்டை மெதுவாகக் கேட்டான். "சார், நானும் பல வருஷமா இந்த ஊர்லதான் சாப்பிடறேன். இந்த ஊர்த் தண்ணியைத்தான் குடிக்கிறேன்."

"நீங்க காசு குடுத்து வாங்கிச் சாப்பிட்டிருப்பீங்க. அது வியாபாரம். குதிரை நன்றியோட தின்னுது," என்றார் துணை இயக்குநர், குழந்தைக்குச் சொல்வது போல.

'மேற்படி குதிரை எல்லாக் காரியங்களுக்கும் இந்நாட்டுப் பூர்வீகக் குதிரையாகவே கருதப்படும்' என்று உத்தரவு பிறந்தது. நடனம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அங்கீகரிக்கப்பட்டது. நெட்டை அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்கு ஓடினான்.

குடிவரவு அலுவலகம் அரங்கக் கலைத் துறையைவிடக் கறாரானது. அவர்கள் கலையைப் பார்ப்பதில்லை, எழுதியிருப்பதை மட்டும் பார்ப்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட படைப்பில் என்னவாக இருக்கிறாரோ அதுவாகத்தான் நாட்டில் தங்க முடியும் என்பது விதி. பாடகராக அங்கீகாரம் பெற்றவர் பாடகராகத் தங்குவார். நடிகராகப் பெற்றவர் நடிகராகத் தங்குவார். குதிரையாக அங்கீகாரம் பெற்றவர்?

"குதிரையாத்தான் தங்கணும்," என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "ஒரு வகையில நல்லதுதாங்க. வெளிநாட்டு மனுஷன்னா வருஷா வருஷம் புதுப்பிக்கணும். பூர்வீகக் குதிரைன்னா ஆயுசுக்கும் ஒரே அட்டை. கால்நடை மருத்துவர்கிட்ட ஒரு சான்றிதழ் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

நெட்டையின் அக்கா கால்நடை மருத்துவர். தம்பி ஒரு ஆணோடு வாழ்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போனில் மட்டும் பேசுவாள். தம்பி சாப்பிட்டானா என்று கேட்பாள். "அங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று, ஒரே ஒரு ஆளைப் பற்றிப் பன்மையில் விசாரிப்பாள். அந்த அக்கா இப்போது மருந்துப் பையோடு வந்து நின்றாள்.

"வாயைத் திற," என்றாள் சுருட்டையிடம்.

"அக்கா, நான் மனுஷன்க்கா."

"அது எனக்குத் தெரியாதா? திற."

பல்லைப் பார்த்தாள். நாடி பிடித்தாள். குளம்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, அவன் பாதத்தை மடியில் வைத்துப் பார்த்தாள். ஆடி ஆடிக் காய்த்துப்போயிருந்த பாதம். "எண்ணெய் தேய்க்கக் கூடாதா? ரெண்டு பேரு இருக்கீங்க, ஒருத்தனுக்குக்கூடத் தோணலையா?" என்று தம்பியைத் திட்டினாள். பிறகு சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினாள்: "சாதுவான சுபாவம். உடைமையாளரிடம் மிகுந்த பற்று. பிரித்தால் உணவு எடுக்காது."

"இதெல்லாம் எப்படிக்கா தெரியும்?" என்றான் நெட்டை.

"போன்ல நீ பேசறதைக் கேட்டாலே தெரியாதா?" முத்திரையை ஊதிக் குத்தினாள். "சொந்தக்காரங்க யாராவது உன் தம்பி வீட்ல யாருடி கூட இருக்கறதுன்னு கேட்டா வாயடைச்சுப் போய் நிப்பேன். மாப்பிள்ளைன்னு சொல்ல முடியுமா, தம்பின்னு சொல்ல முடியுமா? இப்பப் பாரு, குதிரைன்னு முத்திரை குத்தி எழுதிக் குடுக்கறேன். மனுஷன்னு எழுதிக் குடுக்கத்தான் எனக்கு ஒரு இடமும் இல்லாமப் போச்சு." பையில் எதையோ தேடுவது போல வெகு நேரம் குனிந்திருந்தாள். அன்று அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

அரங்கேற்றம் அமர்க்களமாக நடந்தது. ஓர் அசைவுகூட மாறவில்லை. கொடிக்காரனாக இருந்தபோது எப்படி ஆடினானோ அப்படியேதான் சுருட்டை குதிரையாகவும் ஆடினான். நெற்றியோடு நெற்றி வைத்து இருவரும் நின்றபோது அரங்கமே மூக்கை உறிஞ்சியது. தளபதியை மகான் என்றவர்களும் அழுதார்கள், துரோகி என்றவர்களும் அழுதார்கள். "வாயில்லா ஜீவன் மேல என்ன பாசம் பாருங்க!" என்று ஒரு பெரியவர் தன் மகனைக் கட்டிக்கொண்டார். அந்த மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் நண்பனின் கையைப் பிடித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

விமர்சகர்கள் பொழிந்து தள்ளினார்கள். 'மனிதனுக்கும் விலங்குக்கும் இடையிலான எல்லையைக் கேள்விக்குள்ளாக்கும் படைப்பு' என்றார் ஒருவர். 'இந்தக் குதிரை உண்மையில் நாம் இழந்துவிட்ட மண்' என்றார் இன்னொருவர். அந்தக் குதிரை உண்மையில் ஒரு ஆள் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அவ்வளவு மேலோட்டமாக யாராவது எழுதுவார்களா?

பிறகு அது மோஸ்தராகிவிட்டது. வாலிபர்கள் பிடரி மயிர் வளர்த்தார்கள். துணிக்கடைப் பொம்மைகளுக்குச் சேணம் கட்டினார்கள். நடக்கும்போது டொக் டொக் என்று சத்தம் வரும் செருப்பு அமோகமாக விற்றது. 'லாயம்' என்று ஒரு வாசனைத் திரவியம் வந்தது. பெயருக்கு ஏற்ற வாசனைதான், ஆனாலும் பெரிய இடத்துப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கார அம்மாகூட மாறிப்போனாள். ஆணும் ஆணுமாகக் குடியிருக்கிறார்கள் என்று மாதாமாதம் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது படியேறி வந்து கதவைத் தட்டினாள். "ஏன் தம்பி, குதிரைன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேனே! பாவம், நல்லா ஜோடியா இருக்கீங்க. என்ன குடுக்கலாம் அதுக்கு? கேரட் சாப்பிடுமா?"

"சாப்பிடும்மா," என்றான் சுருட்டை.

அதன் பிறகு இருவரும் கைகோத்துத் தெருவில் நடந்தார்கள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார். நெட்டைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவை யாராவது "குதிரை நல்லா இருக்கா தம்பி?" என்று கேட்கும்போதும் அந்தச் சந்தோஷத்தில் ஒரு முள் குத்தியது. சுருட்டைக்குக் குத்தியதா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இது இவர்களோடு நின்றிருந்தால் நல்லபடியாகப் போயிருக்கும். நாட்டில் இவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? சட்டம் எல்லோருக்கும் பொது. ஒருவருக்குக் குதிரை அட்டை கொடுத்தால் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் கொடுக்கவேண்டும். முதலில் ஒருவர், தன் பழைய கல்லூரித் தோழனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார், "சார், இது என் குதிரை" என்று. அப்புறம் இரண்டு தலைமையாசிரியைகள் வந்தார்கள். யார் குதிரை என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வந்து, கடைசியில் வயதில் மூத்தவள் விட்டுக்கொடுத்தாள். அப்புறம் பேருந்து ஓட்டுநரும் நடத்துநரும். கோட்டு போட்ட வழக்கறிஞர்கள். தாத்தாக்கள். வரிசை குடிவரவு அலுவலகத்தின் படியிறங்கித் தெருவைச் சுற்றியது.

ஒருநாள் அலுவலகம் மூடிய பிறகு, பின்வாசல் வழியாக, துணை இயக்குநரே வரலாற்று ஆலோசகரின் சால்வையைச் சரிசெய்துகொண்டே பதிவறைக்குள் நுழைந்தார் என்றும், வெளியே வரும்போது ஆலோசகர் கையில் புது அட்டை இருந்தது என்றும் பேச்சு அடிபட்டது. அவர்கள் இருவரும் ஒரே பிளாஸ்கில் டீ குடிக்க ஆரம்பித்து ஒரு தலைமுறை ஆகிறது. யாரும் ஆச்சரியப்படவில்லை.

அமைச்சர் நாடாளுமன்றத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "எங்கள் ஆட்சியில் நாட்டின் குதிரை வளம் வரலாறு காணாத வகையில் பெருகியிருக்கிறது!" உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் சும்மா இருப்பாரா? எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவ்வளவு குதிரையும் எங்கே நிற்கிறது?"

அமைச்சர் விசாரித்தார். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிற்கிறது என்று தெரிந்தது. கட்டிலில் படுக்கிறது என்றும் தெரிந்தது. அமைச்சருக்கு மூச்சே நின்றுவிட்டது. சுகாதாரம் என்று ஒன்று இல்லையா? உடனே சுற்றறிக்கை பறந்தது: பதிவுபெற்ற குதிரைகள் யாவும் மனிதர் வசிக்கும் கட்டடங்களிலிருந்து அகற்றப்பட்டு, ஊருக்கு வெளியே அரசு அமைத்திருக்கும் லாயங்களில் சேர்க்கப்பட வேண்டும். லாயத்தில் மனிதர் தங்கக் கூடாது. சேர்க்கத் தவறினால் பதிவு ரத்தாகும்.

சுருட்டை அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தான். "குதிரையா இருந்தா உன்கூட இருக்க முடியாது. குதிரையா இல்லைன்னா இந்த நாட்டுலயே இருக்க முடியாது. நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க." அவன் கண் நிறைந்திருந்தது. "எனக்குக் களைப்பா இருக்குடா. ஒவ்வொரு தடவை என்னை யாராவது தட்டிக்குடுக்கும்போதும் செத்துடலாம் போல இருந்துச்சு. நீ சந்தோஷமா இருந்தேன்னுதான் சொல்லல."

நெட்டை அவனைக் கட்டிக்கொண்டான். இது நடனத்தில் இல்லாத பிடி, அவசரமும் அலங்கோலமுமாக இருந்தது.

"லாயத்துல மனுஷன்தானே தங்கக் கூடாது?" என்றான் நெட்டை. "நானும் குதிரையாயிடறேன்."

மறுநாள் காலையில் இருவரும் அரங்கக் கலைத் துறையின் வரிசையில் முதல் ஆட்களாக நின்றார்கள். தளபதியின் வேடத்தையும் குதிரையாக மாற்றி, இரண்டு குதிரைகள் ஆற்றங்கரையில் நிற்பதாக நடனத்தைத் திருத்தியிருப்பதாக நெட்டை எழுதிக்கொடுத்தான். பின்னால் நின்றவர்களில் பல பேர் கையிலும் ஏறக்குறைய அதே விண்ணப்பம் இருந்தது. அறிவுள்ளவர்கள் எல்லோருக்கும் ஒரே வழிதான் தோன்றும்போல.

துணை இயக்குநர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பக்கத்து நாற்காலியில் ஆலோசகர் இல்லை. அவருக்கும் லாயத்துக்குப் போக நாள் குறித்திருந்தார்கள். அதனால் சுவரோரம், சால்வைக்குள், வரிசையோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் பிளாஸ்க் திறக்கப்படாமல் இருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் துணை இயக்குநர். பிறகு தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு சந்தேகம். ரெண்டுமே ஆண் குதிரையா இருக்கே?"

வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"ஆமா சார்," என்றான் சுருட்டை. "உங்க விண்ணப்பத்துல எப்படி சார்?"

துணை இயக்குநரின் கை சட்டைப்பைக்குப் போனது. அதற்குள் அதே விண்ணப்பக் காகிதம் ஒன்றை அவரும் மடித்து வைத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் சுருட்டையைப் பார்த்தார். சுவரோரம் நின்றவரைப் பார்த்தார். கண் கலங்கியது. ஆனால் கை பேனாவை எடுத்துவிட்டது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம், கைக்கு மனசைக் கேட்கத் தெரியாது. நெட்டையின் விண்ணப்பத்தில் 'ஆட்சேபணைக்குரியது, நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து விரித்து, அதிலும் அதையே எழுதி, அதிலும் கையெழுத்துப் போட்டார். இரண்டின் மேலும் முத்திரை விழுந்தது.

"அவ்வளவுதானா சார்?" என்றான் நெட்டை.

"மேல்முறையீடு இருக்கு," என்றார் துணை இயக்குநர். "அது முடியற வரைக்கும் யாரையும் எங்கயும் அனுப்பக் கூடாது. லாயத்துக்கும் கூடாது, அக்கரைக்கும் கூடாது. இப்ப யார் யார் எங்க, யாரோட இருக்கீங்களோ அப்படியே இருக்கலாம்."

"மேல்முறையீட்டை யாருகிட்ட சார் குடுக்கணும்?"

"என்கிட்டதான்."

சொல்லிவிட்டுத் தன் நிராகரிக்கப்பட்ட காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, சுவரோரம் நின்றிருந்த ஆலோசகரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு, வரிசையில் சுருட்டைக்குப் பின்னால் போய் நின்றார். பிளாஸ்கைத் திறந்து, டீயை ஊதி ஆற்றி, ஆலோசகரிடம் கொடுத்தார். பின்னால் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

எல்லோரும் மேஜையைப் பார்த்தபடி நின்றார்கள். மின்விசிறி காலி நாற்காலியின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. இவர் முட்டாளா, மகா கெட்டிக்காரரா என்று நெட்டைக்குப் பிடிபடவில்லை. அவன் சுருட்டையின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், நீங்க இங்க நின்னா அங்க யார் முடிவு பண்ணுவாங்க?" என்று திரும்பிக் கேட்டான் சுருட்டை.

"அதிகாரி வரட்டும் தம்பி," என்றார் துணை இயக்குநர்.